வெள்ளியா, முலாமா? பழைய மேசைப் பாத்திரங்களை அறிகுறி பார்த்து இனங்காணும் முறை

பழைய மேசைப் பாத்திரம் ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் அதைப் பளபளவென்று துலக்கிவிட்டு, பிறகு அடியைத் திருப்பி முத்திரையைத் தேடுகிறார்கள். இவ்விரண்டையும் சற்றுத் தள்ளிவைப்பது நல்லது. துலக்கினால் தேய்மானத்தின் தடயங்கள் மங்கிவிடும். முலாம் பூசிய பொருள்களின் முத்திரையோ பல நேரங்களில் கெட்டி வெள்ளியின் முத்திரையைப் போலத் தோன்ற வேண்டும் என்ற நோக்கத்துடனேயே அடிக்கப்பட்டது. தேய்ந்த மேடுகள், விளிம்புகள், இணைப்புகள் ஆகிய மூன்றும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. எனவே கீழே வரும் வழிமுறை உடலில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. முத்திரை அதற்குப் பின்னரே வருகிறது, விலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், சிறு காந்தம், 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, மென்மையான பருத்தித் துணி ஆகியவை போதும். பார்வையிடுவதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் விளக்கொளியில் வெள்ளிக்கும் நிக்கல் கலவைக்கும் உள்ள நிற வேற்றுமை மறைந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உடனே துடைக்கலாம். கத்திகளையும் மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் மட்டும் நீரில் ஊறவைக்காதீர்கள்; காரணம் காந்தத்தைப் பற்றிய பகுதியில் வருகிறது.

அறிகுறி: சில இடங்களில் வேறு நிறம் தெரிகிறது

முதலில் அந்த நிறம் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிவதால் உண்டாகும் கறுப்பு, கை படாத பள்ளங்களிலும் செதுக்கு வேலையின் இடுக்குகளிலும் தங்கும். முலாம் தேய்வதோ உராயும் இடங்களில்: கரண்டியின் குழிப்பகுதி மேசைமேல் படியும் அடிப்புறம், முள்கரண்டியின் முனைகள், கைப்பிடியின் ஓரம், கெண்டியின் பாத வளையம், மூடியின் குமிழ், புடைப்பு வேலையில் உயர்ந்து நிற்கும் இதழ்கள். கறுப்பு படியத் தொடங்கும்போது முதலில் இளமஞ்சளாகத் தெரியும் என்பதால் அதைக் கண்டு அடியில் பித்தளை இருப்பதாக முடிவு செய்துவிடுவோரும் உண்டு. சந்தேகம் வந்தால் விரல்நுனி அகலத்துக்கு மட்டும் மென்துணியால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அகன்றுவிடும். அடியுலோகமாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடியுலோகம்தான் என்று உறுதியானால், அதன் நிறமே பாதி விடையைத் தந்துவிடும். சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு என்றால் செம்பு. அது செம்போடு வெள்ளியை ஒட்டிச் செய்த பழைய ஷெஃபீல்டு தகடாகவும் இருக்கலாம், செம்பின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய மின்முலாமாகவும் இருக்கலாம். வெள்ளையில் சற்றே மஞ்சளும் சாம்பலும் கலந்திருந்தால் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. ஜெர்மன் சில்வர், நிக்கல் சில்வர் (நிக்கல் வெள்ளி), அல்பாக்கா என்ற பெயர்களெல்லாம் இதையே குறிக்கின்றன, இதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. ஈயம் போல மங்கிய கருஞ்சாம்பல் நிறமாக இருந்து, பொருளும் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தால் அது பிரிட்டானியா உலோகம்: பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் சிறிது செம்பும். பொன்னிறமாகத் தெரிவது பித்தளையாக இருக்கலாம். ஆனால் உப்புக் கரண்டியின் குழியிலும் உப்புக் கிண்ணத்தின் உட்புறத்திலும் மட்டும் பொன்னிறம் இருந்தால், உப்பு வெள்ளியை அரிக்காமல் இருக்க வேண்டுமென்றே பூசிய தங்கமுலாமின் எச்சமாகவே பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு நிறமும் உண்டு. அதை அறியாமல் கெட்டி வெள்ளியையே முலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஸ்டெர்லிங் வெள்ளியில் 92.5 விழுக்காடு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாக இருக்கும். பொருளைச் செய்யும்போது பலமுறை சூடேற்றுவதால் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே செம்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மேகம் போன்ற திட்டுகளாக நிற்கும். நீண்டகாலத் துலக்கலில் இத்திட்டுகள் வெளிப்படும். தேய்ந்த முலாமுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இடத்தைப் பொறுத்தது: இந்தத் திட்டு மேடு பள்ளம் பார்ப்பதில்லை, சமதளத்தின் நடுவிலும் பரவிக் கிடக்கும், அதன் ஓரம் கூர்மையாக முடியாமல் மெல்லக் கரையும். இதைக் கண்டால் பொருளைத் தனியே எடுத்துவைத்து, பின்வரும் அடர்த்திச் சோதனைக்கோ முத்திரைச் சோதனைக்கோ உட்படுத்துங்கள்.

அறிகுறி: செம்பு தெரிகிறது; ஷெஃபீல்டு தகடா, மின்முலாமா என்று தெரியவில்லை

மதிப்பு பெரிதும் மாறக்கூடிய இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானம் தேவை. 1740களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளர், செம்பையும் வெள்ளியையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் என்பதையும், அப்படி ஒட்டிய கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தினால் இரண்டும் ஒரே விகிதத்தில் மெலிந்து தகடாகும் என்பதையும் கண்டறிந்தார். அடுத்த நூறாண்டுகள் இத்தகட்டில்தான் கெண்டிகளும் தாம்பாளங்களும் மெழுகுவர்த்தித் தாங்கிகளும் செய்யப்பட்டன. 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1842இல் சார்லஸ் கிறிஸ்டோஃப்ல் பிரான்சில் அம்முறையைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினார். அதன் பின் பழைய முறை விரைவில் வழக்கொழிந்தது.

இரண்டுக்கும் அடிப்படை வேற்றுமை வேலையின் வரிசையில் இருக்கிறது. ஷெஃபீல்டு முறையில் வெள்ளி முதலில் ஒட்டப்பட்டு, அதன் பிறகே தகடு வெட்டி வளைத்துப் பாத்திரமாகிறது. மின்முலாமில் பாத்திரம் முழுதும் செய்து முடிந்த பிறகே வெள்ளித் தொட்டியில் இறங்குகிறது. ஆகவே வெட்டும் இணைப்பும் உள்ள ஒவ்வொரு இடமும் சாட்சியாகிறது.

விளிம்பைப் பாருங்கள். ஷெஃபீல்டு தகட்டை வெட்டினால் ஓரத்தில் செம்பு கோடாகத் தெரியும். அதை மறைக்க வெள்ளிக் கம்பியைப் பற்றவைத்தார்கள், அல்லது வெள்ளித் தகட்டின் ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துத் தேய்த்துப் படியவைத்தார்கள். தாம்பாளத்தின் விளிம்புக்கு அடியில் நகத்தை மெல்ல உள்நோக்கி இழுத்தால் அந்த மடிப்பின் ஓரம் நகத்தில் இடறும். மின்முலாமில் அப்படி இடற ஒன்றுமில்லை.

இணைப்பைத் தேடுங்கள். தகட்டை வளைத்துச் செய்த குவளையிலோ கெண்டியிலோ, பெரும்பாலும் கைப்பிடிக்குப் பின்னால், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு இருந்தாக வேண்டும். வாயால் ஊதி ஈரம் படியச் செய்தால் அது இன்னும் தெளிவாகும். மின்முலாமில் இணைப்பு இருந்தாலும் அதன் மேல் வெள்ளி தடையின்றிப் படிந்து மூடியிருக்கும்.

குலச்சின்னமோ பெயரெழுத்தோ செதுக்கிய இடத்தையும் இதே போல் ஊதிப் பாருங்கள். மெல்லிய வெள்ளிப் படலத்தில் செதுக்கினால் உளி செம்பில் இறங்கிவிடும் என்பதால், நல்ல பட்டறைகள் அந்த இடத்தில் மட்டும் தடித்த வெள்ளித் துண்டைப் பதித்துத் தேய்த்து இணைத்தன. மூச்சின் ஈரம் அகலும் கணத்தில் வட்டமாகவோ கேடய வடிவிலோ அதன் எல்லை தெரியும். இந்த ஓர் அடையாளம் இருந்தால் நான் மற்றவற்றைத் தேடுவதில் அதிக நேரம் செலவிட மாட்டேன்.

நிறத்திலும் வேற்றுமை உண்டு. ஷெஃபீல்டு தகட்டின் வெள்ளியில் செம்பு கலந்திருப்பதால் சற்றே ஆழ்ந்த, நீலம் தோய்ந்த சாயல் இருக்கும். மின்முலாமில் படிவது ஏறத்தாழ முழுத்தூய வெள்ளி என்பதால் அது வெளிறிய வெண்மையாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அது உதவும். உணவு மூடிகளின் உட்புறத்திலும் தாம்பாளங்களின் அடியிலும் வெள்ளிக்குப் பதில் வெள்ளீயம் பூசப்பட்டிருப்பது பழைய தகட்டுக்குச் சாதகமான சான்று.

பிற்காலத்தில் பழைய வடிவங்களை அப்படியே செம்பில் செய்து மின்முலாம் பூசி, அடியில் ஷெஃபீல்டு என்ற பெயரையும் பொறித்து விற்றார்கள். அப்பெயர் எழுத்தில் இருப்பதே ஐயத்துக்கு இடம் தர வேண்டும். உண்மையான பழைய தகட்டில் அதைக் காண்பது அரிது. விளிம்பு மடிப்பும் இணைப்புக் கோடும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் அது மின்முலாமே.

அறிகுறி: கெட்டி வெள்ளிக்குரியது போன்ற முத்திரை வரிசை இருக்கிறது, ஆனால் அடியுலோகம் தெரிகிறது

நான்கைந்து சிறு கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து அல்லது உருவம்: இது வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பிரிட்டிஷ் ஆய்வகங்களின் முத்திரைகளைப் போலவே தோன்றும். லென்ஸ் வைத்து எழுத்துகளைப் படியுங்கள். வளைந்து நெளிந்த பழைய பாணி எழுத்தில் ஈ, பி, என், எஸ் என்று தனித்தனிக் கேடயங்களில் இருந்தால், அது நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம். ஈ.பி.பி.எம். என்றால் பிரிட்டானியா உலோகத்தின் மேல் மின்முலாம், ஈ.பி.சி. என்றால் செம்பின் மேல் மின்முலாம். ஏ1 என்பது முலாமின் தடிமனைப் பற்றித் தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொண்ட தரம். அமெரிக்கப் பொருள்களில் வரும் மும்மடங்கு, நான்மடங்கு முலாம் என்ற சொற்களும் அவ்வாறே. வெள்ளிப் பற்றாசு என்று பொருள்படும் சொற்கள் உணவுவிடுதிகளுக்காகச் செய்த கனமான பாத்திரங்களில் அடிக்கடி காணப்படும். பாகங்களைப் பற்றவைத்த விதத்தையே அவை சொல்கின்றன, பாத்திரம் முலாம்தான்.

கெட்டி வெள்ளிக்கான இங்கிலாந்து முத்திரையில் ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருக்க வேண்டும். அதனுடன் ஆய்வக நகரின் குறி, ஆண்டெழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள் வர வேண்டும். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, 1773இல் தொடங்கிய ஷெஃபீல்டு ஆய்வகத்துக்கு நெடுங்காலம் மகுடம். இம்மகுடத்தால் வரும் குழப்பம் பெரிது. 19ஆம் நூற்றாண்டில் முலாம் தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் பொருள்களில் மகுடத்தை அடித்துக்கொண்டார்கள். ஆகவே சிங்கம் இல்லாத மகுடத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையுருவமும் கெட்டி வெள்ளியில் சேர்ந்து வரும்.

பிரெஞ்சுப் பொருளில் எழுத்தைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். கெட்டி வெள்ளி செய்தவரின் குறி சாய்சதுரத்துக்குள் இருக்கும், முலாம் செய்தவரின் குறி சதுரத்துக்குள் இருக்கும். அதற்கு மேல் 1838 முதல் மினர்வா தேவியின் தலை கெட்டி வெள்ளிக்கு அடிக்கப்பட்டது. ஜெர்மன் கெட்டி வெள்ளியில் 1888 முதல் பிறையும் மகுடமும், அருகே 800 அல்லது 925 போன்ற ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற எண்ணும் இருக்கும்.

எண்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன், ஆஸ்திரியக் கரண்டிகளில் 90 அல்லது 100 என்றும், கிறிஸ்டோஃப்ல் கரண்டிகளில் தராசுச் சின்னத்துடன் 84 என்றும் காணும்போது அதை விழுக்காடு என்று எண்ணி மகிழ்வோர் ஏராளம். பன்னிரண்டு மேசைக்கரண்டிகளும் பன்னிரண்டு முள்கரண்டிகளும் சேர்ந்த 24 உருப்படிகளின் மேல் மொத்தம் எத்தனை கிராம் வெள்ளி படிந்திருக்கிறது என்பதே அந்த எண். இரண்டு இலக்க எண் பெரும்பாலும் முலாமையும், 800 அல்லது அதற்கு மேற்பட்ட மூன்று இலக்க எண் பெரும்பாலும் கெட்டி வெள்ளியையும் குறிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 என்ற எண் மூன்று இலக்கமாக இருந்தாலும் முலாமையே குறிக்கும்.

பிரிட்டானியா என்ற பெயரால் இன்னொரு சிக்கல் எழுகிறது. பிரிட்டானியா உலோகத்தில் வெள்ளி இல்லை. 1697இல் இங்கிலாந்தில் கட்டாயமாக்கப்பட்ட பிரிட்டானியா தர வெள்ளியிலோ 95.8 விழுக்காடு வெள்ளி உண்டு, அதன் முத்திரை அமர்ந்த பெண்ணுருவம். எழுத்தாக இருந்தால் ஐயப்படுங்கள், உருவமாக இருந்தால் மேலும் ஆராயுங்கள்.

அறிகுறி: முத்திரையில் ஆண்டு இருக்கிறது, ஆனால் பொருள் அவ்வளவு பழையதாகத் தோன்றவில்லை

உங்கள் கண்ணையே நம்புங்கள். 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்று பொறித்த அமெரிக்கக் கரண்டிகள் மிகப் பெருமளவில் கிடைக்கின்றன. அந்த ஆண்டு வணிகப் பெயரின் ஒரு பகுதி, 20ஆம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அது இருக்கும். அவற்றின் காலத்தைக் கைப்பிடியின் வடிவப் பெயரைக் கொண்டே அறிய முடியும். பிரிட்டிஷ் பொருளில் பட்டம் போன்ற சாய்சதுரக் குறி இருந்தால் அது 1842க்கும் 1883க்கும் இடையே பதிவு செய்த வடிவமைப்பு. 1884 முதல் பதிவு எண் மட்டும் வரும். இவை வடிவமைப்பைப் பதிந்த காலத்தைச் சொல்கின்றன, அந்தப் பாத்திரம் செய்யப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம். இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயர் பொறித்திருந்தால், 1891 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த இறக்குமதிச் சட்டத்துக்குப் பிந்தையதாகவே பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறி: எந்த முத்திரையும் இல்லை, அடியுலோகமும் தெரியவில்லை

கரண்டி, முள்கரண்டி போன்ற உட்கூடு இல்லாத பொருளாக இருந்தால் அடர்த்தியை அளந்து தீர்த்துவிடலாம். இச்சோதனை பொருளைக் கீறுவதில்லை, அமிலமும் தேவையில்லை. கரண்டியை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆழமான பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின் மேல் வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கரண்டியின் குழியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் அளவு, கரண்டியின் கன அளவைக் கன சென்டிமீட்டரில் தருகிறது. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

தூய வெள்ளிக்கு 10.49, ஸ்டெர்லிங்குக்கு ஏறத்தாழ 10.3 முதல் 10.4 வரை, 800 தர வெள்ளிக்கு 10.1, செம்புக்கு 8.96, நிக்கல் வெள்ளிக்கு 8.7 அளவில், பிரிட்டானியா உலோகத்துக்கு 7.3 அளவில் வரும். உதாரணமாக 62 கிராம் கரண்டி நீரில் 6.0 காட்டினால் 10.3, கெட்டி வெள்ளியாக இருக்கலாம்; 7.1 காட்டினால் 8.7, முலாம். சிறு தேக்கரண்டியில் 0.1 கிராம் பிழையே விடையைப் புரட்டிவிடும் என்பதால், ஒரே வகையான கரண்டிகள் பல இருந்தால் சேர்த்துக் கட்டி அளப்பது மேல்.

உட்கூடு உள்ள கெண்டிக்கும், பல உலோகங்கள் சேர்ந்த பொருளுக்கும் இம்முறை பயன்படாது. அங்கே உலோகத்தை இனங்காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள இடத்தில் காட்டலாம்; ஆனால் அக்கருவி மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. தடித்த முலாம் 30 மைக்ரானுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால், பளபளப்பான இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல வெள்ளி என்றே காட்டலாம். அடிவிளிம்பு, கைப்பிடி ஓரம் போன்ற தேய்ந்த இடங்களிலும் அளக்கும்படி கேளுங்கள். நைட்ரிக் அமிலச் சோதனையைப் பழம்பொருளில் செய்ய வேண்டாம். முலாமைத் துளைத்து ஆழத்தில் உரசினால்தான் அது சரியான விடை தரும், அந்த உரசல் நிரந்தர வடுவாகிவிடும்.

அறிகுறி: காந்தம் ஒட்டுகிறது

ஒட்டினால் அந்தப் பகுதி எஃகு. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று பொருளல்ல. செம்பும் பித்தளையும் பிரிட்டானியா உலோகமும் வழக்கமான நிக்கல் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. கத்தியில் அலகு மட்டும் ஒட்டி, கைப்பிடி ஒட்டாவிட்டால் கைப்பிடியைத் தனியே ஆராயுங்கள். எஃகு அலகும் கெட்டி வெள்ளிக் கைப்பிடியும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். அக்கைப்பிடி மெல்லிய தகட்டுக் கூடு, உள்ளே பிசினோ சாந்தோ அடைத்திருக்கும்; மெழுகுவர்த்தித் தாங்கிகளிலும் இப்படி அடைத்திருப்பதுண்டு. சுடுநீர் பட்டால் அந்த அடைப்பு இளகிக் கத்தியின் அலகு கழன்றுவிடும். எடையை வைத்து வெள்ளியைக் கணக்கிடவும் இங்கே வழியில்லை. பழைய எஃகுக் கத்தி அலகின் மேல் துருக் கொப்புளங்களோடு வெள்ளிப் படலம் உரிந்தால், அது வெள்ளீயத்தால் ஒட்டிய வெள்ளித்தாள் முறை. மின்முலாமுக்கு முற்பட்டதாக இருக்கும் வாய்ப்பு அதிகம், எனவே சீர்செய்ய முயலாமல் வைத்திருங்கள்.

அறிகுறி: கொப்புளம், உரிதல், பச்சைக் களிம்பு, கரும்புள்ளிகள்

பச்சைக் களிம்பு செம்பு உள்ள இடத்தில் வருவது. முலாமில் வந்தால் அடியுலோகம் திறந்துவிட்டது என்று பொருள், ஆனால் செம்பு கலந்த ஸ்டெர்லிங்கிலும் இடுக்குகளில் வரக்கூடும் என்பதால் அதை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டாம். கொப்புளமாக எழும்பி உரிவது, முலாமிடுமுன் மேற்பரப்பைச் சரியாகத் தூய்மை செய்யாததன் விளைவு. ஷெஃபீல்டு தகட்டில் வெள்ளி இப்படி உரிவது அபூர்வம், ஆகவே இது மின்முலாமுக்குச் சான்று. ஊசி குத்தியது போன்ற கரும்புள்ளிகள் உப்பால் வந்தவை; துலக்கினால் போகாது, ஆழமாகத் துலக்கினால் சுற்றியுள்ள வெள்ளியும் போய்விடும்.

அமிலம் கலந்த முக்கிக் கழுவும் திரவங்கள், பற்பசை, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகிய மூன்றையும் தவிருங்கள். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சுடுநீரும் சேர்ந்த முறை கறுப்பை நீக்குவது உண்மைதான். ஆனால் செதுக்கு வேலையின் பள்ளங்களில் வேண்டுமென்றே விடப்பட்ட கருமையையும் அது அகற்றி, முகப்பைத் தட்டையாக்கிவிடுகிறது.

அறிகுறி: பழைய வடிவம், ஆனால் புத்தம் புதிதாக மின்னுகிறது

மறுமுலாம் பூசியிருக்கலாம். செதுக்கிய கோடுகள் தேய்ந்து மழுங்கியிருக்க, அவற்றின் மேல் கீறலே இல்லாத வெள்ளி படிந்திருப்பது முதல் அடையாளம். முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் புது வெண்மை தெரிவது, பழைய அரிப்புக் குழிகளின் மேலேயே முலாம் ஓடியிருப்பது ஆகியவை அதை உறுதிப்படுத்தும். பயன்பாட்டுக்கான சாதாரண மின்முலாம் பாத்திரத்தில் இது குறையல்ல. ஷெஃபீல்டு தகட்டுக்கோ இது பெரும் இழப்பு. சேகரிப்போர் செம்பு சற்றுத் தெரியும் அசல் மேற்பரப்பையே விரும்புவார்கள். நீங்களே மறுமுலாம் செய்ய எண்ணினால், பிரிட்டானியா உலோகப் பாத்திரத்தை மட்டும் கொடுக்குமுன் இருமுறை யோசியுங்கள்: அது குறைந்த வெப்பத்திலேயே உருகும், பற்றவைப்பும் கடினம், செலவு பெரும்பாலும் பாத்திரத்தின் விலையைத் தாண்டிவிடும்.

அறிகுறி: எடைக்கு விலை சொல்கிறார்கள், அல்லது விலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை

முலாம் பொருளை எடைக்கு மதிப்பிடுவது தவறு என்பதற்குக் கணக்கே போதும். 90 என்று குறித்த நல்ல தரக் கரண்டியில், 24இல் ஒரு பங்காக 3.75 கிராம் வெள்ளிதான் தொடக்கத்திலேயே இருந்தது; தேய்மானம் போக இன்னும் குறைவு. 60 கிராம் ஸ்டெர்லிங் கரண்டியிலோ 55.5 கிராம் வெள்ளி உண்டு. அந்த 3.75 கிராமைப் பிரித்தெடுக்கும் செலவு வெள்ளியின் விலையை விழுங்கிவிடும். எனவே முலாம் என்று உறுதியானதும் வெள்ளியின் சந்தை விலையை மறந்துவிடலாம். யார் செய்தது, எந்த வடிவமைப்பு, எவ்வளவு முழுமையாக இருக்கிறது, முலாம் எந்த நிலையில் இருக்கிறது என்பவையே விலையைத் தீர்மானிக்கும்.

இவற்றிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பெயர் பெற்ற பட்டறையின் பெயர் உதவும், ஆனால் அந்தப் பட்டறை லட்சக்கணக்கில் செய்து குவித்த சாதாரணக் கரண்டிக்கு அது விலையைக் கூட்டாது. வடிவமைப்பாளரின் கை தெரியும் பொருளுக்கு, முத்திரை சாதாரணமாக இருந்தாலும் கேட்போர் இருப்பார்கள். கரண்டித் தொகுதியில் ஒரே வடிவம், ஒரே எண்ணிக்கை, அசல் பெட்டி மூன்றும் சேர்ந்தால்தான் தொகுதிக்குரிய விலை. இரண்டு கத்தி குறைந்தாலே வாங்குபவர் தனித்தனி உருப்படியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கெண்டியில் கீலையும் மூக்கின் அடியையும் கைப்பிடி இணையும் இடத்தையும் சோதியுங்கள், ஈயப் பற்றாசின் சாம்பல் திட்டு தெரிந்தால் பழுது பார்த்தது என்று கொள்ளலாம். அழிக்கப்பட்ட பெயரெழுத்து, இருக்கும் பெயரெழுத்தை விட மோசமானது. அந்த இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும், முலாமும் தேய்ந்திருக்கும்.

இணையத்தில் கேட்கப்படும் விலைகளை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஒரே கரண்டிக்குப் பத்து மடங்கு வேற்றுமை காணப்படலாம். விற்பவர் விரும்புவதையும் வாங்குபவர் கொடுத்ததையும் ஒன்றாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் அது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவு விலைகளையும், விற்பனைத் தளங்களில் விற்று முடிந்தவை என்று வடிகட்டிய பட்டியலையும் மட்டும் பாருங்கள். அவற்றிலும் வாங்குபவர் தந்த ஏலக் கட்டணம் சேர்ந்ததா என்று கவனியுங்கள். காப்பீட்டுக்காக எழுதும் மதிப்பு, அதே பொருளை மீண்டும் கடையில் வாங்க ஆகும் தொகை. விற்றால் கைக்கு வரும் தொகை அதில் ஒரு பகுதியே. எந்த மதிப்பு வேண்டும் என்று சொல்லாமல் மதிப்பீட்டாளரிடம் போனால், இரண்டு மதிப்பீட்டாளர்களும் சரியாகவே சொல்லியும் எண்கள் பொருந்தாமல் போகும்.

மதிப்பீட்டுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் முழுப் பொருள், முத்திரையின் அண்மைப் படம், மிகத் தேய்ந்த இடம், விளிம்பின் அடிப்பக்கம், இணைப்புக் கோடு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, உலர் எடையையும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் அதைத் துலக்காமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படமெடுங்கள்.